ஃபென்னி ஹேம்ஸ்கெர்க்: 10 பட்டத்தைவிட அந்த இரண்டாம் இடம் பெரிது

நெதர்லாந்துப் பெண்கள் செஸ் என்று பேச்செடுத்தால் உடனே பட்டங்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். ஃபென்னி ஹேம்ஸ்கெர்க் 10 முறை தேசிய சாம்பியன். சீனாவிலிருந்து 1996இல் வந்து குடியேறிய பெங் ஜாவோச்சின் அதையும் தாண்டினார். ஆகவே பெங்தான் பெரியவர், கணக்கு முடிந்தது! பெங் 2004இல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான்.

ஹேம்ஸ்கெர்க் ஜெயித்த ஆண்டுகளைப் பாருங்கள்: 1937, 1939, பிறகு 1946 முதல் 1958 வரை ஒன்றுவிட்டு ஒரு ஆண்டாக 7 முறை, கடைசியாக 1961. அன்று இந்தப் போட்டி ஆண்டுதோறும் நடக்கவில்லை. பெங் காலத்தில் வருடா வருடம் நடந்தது. போதாததற்கு, 1919 டிசம்பரில் பிறந்த ஹேம்ஸ்கெர்க்கின் 20 முதல் 25 வயது வரை ஜெர்மன் ஆக்கிரமிப்பிலேயே போயிற்று. ஒரு ஆட்டக்காரருக்குக் கணிப்புத் திறன் கூடுகிற வயது அது.

என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை 1952 மாஸ்கோ கேண்டிடேட்ஸ், அதாவது பெண்கள் உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தேர்ந்தெடுக்கும் போட்டி. 16 பேர், 15 சுற்று. எலிசவெத்தா பிகோவா முதலிடம். அடுத்த மூன்று இடங்களைச் சம புள்ளியில் பகிர்ந்தவர்களில் ஹேம்ஸ்கெர்க்கும் ஒருவர். சோவியத் ஆட்டக்காரர்கள் நிறைந்த போட்டி, அதுவும் அவர்கள் ஊரிலேயே.

இதன் கனம் புரிய, அன்றைய 'ஒத்திவைப்பு' முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக ஒவ்வொருவருக்கும் 40 நகர்த்தலுக்கு இரண்டரை மணி நேரம். ஐந்து மணி நேரத்தில் ஆட்டம் முடியாவிட்டால், அடுத்து ஆட வேண்டியவர் தன் நகர்த்தலைப் பலகையில் வைக்காமல் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி நடுவரிடம் கொடுப்பார். காய்களின் நிலையும் இருவரும் செலவழித்த நேரமும் உறையின் மேல் இருக்கும். எழுதியது விதிக்குப் புறம்பான நகர்த்தல் என்றால் ஆட்டம் காலி. ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை யார் வேண்டுமானாலும் அந்த நிலையை அலசலாம், பயிற்சியாளர் உதவலாம், தடையில்லை. சோவியத் தரப்பில் அதற்கென்றே தேர்ந்த ஆட்கள் உண்டு. மேற்கிலிருந்து போனவர்களுக்கு அந்த வசதி அரிது. ராஜா, கோட்டை, சிப்பாய்கள் மட்டுமே மிஞ்சிய ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தாலும், ராத்திரி அலசலில் ஒரு நகர்த்தல் வரிசையைத் தவறவிட்டால் அரைப்புள்ளி போய்விடும். 15 சுற்றில் இது எத்தனை முறை வரும் என்று யோசியுங்கள்.

அன்றைய கேண்டிடேட்ஸில் இரண்டாம் இடத்துக்கு மதிப்பே கிடையாது என்பது இன்னொரு கொடுமை. முதலிடம் பிடித்த பிகோவா மட்டும் 1953இல் அன்றைய உலக சாம்பியன் லுட்மிலா ருடென்கோவுடன் மோதி உலகப் பட்டத்தைப் பறித்தார். ஹேம்ஸ்கெர்க் 1955 கேண்டிடேட்ஸுக்கும் போனார். அந்த முறை முன்வரிசையில் இல்லை. ஜெயித்த ஓல்கா ரூப்ட்சோவா அடுத்த ஆண்டே உலக சாம்பியன். அதே பிகோவாவும் ரூப்ட்சோவாவும் 1957இல் நெதர்லாந்தின் எம்மெனுக்கு வந்து, 21 அணிகள் ஆடிய முதல் மகளிர் ஒலிம்பியாடைச் சோவியத்துக்கு வென்று கொடுத்தார்கள். சொந்த நாட்டு அணியில் ஹேம்ஸ்கெர்க்கும் ஆடினார்.

பட்டியலில் அவர் பெயருக்கு முன்னால் மகளிர் கிராண்ட்மாஸ்டர் என்று இருக்கும். இன்று அதற்கு 2300 ரேட்டிங்கும், 27 ஆட்டங்களுக்குக் குறையாத நார்ம்களும் (போட்டிகளில் குறிப்பிட்ட தரத்தை எட்டியதற்கான தகுதிகள்) வேண்டும். அவருக்கு அது 1977இல் கௌரவமாகக் கொடுக்கப்பட்டது. அப்படியொரு பட்டமே 1976இல்தான் வந்தது. அதற்குள் அவருக்கு வயது 57.