அழலாம், கேட்கக் கூடாதா?

நிலக்கரிச் சுரங்கம் வெடித்து ஆட்கள் இறந்துபோனால் முதல் வாரம் உலகம் நன்றாகத்தான் நடந்துகொள்கிறது. மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுகிறார்கள், பிரதமர் நேரில் வருகிறார், தெரியாதவர்கள்கூடப் பணம் அனுப்புகிறார்கள். எனக்கு அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்த வாரம் முடிந்த பிறகு இறந்தவர்களின் வீட்டாரை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தை வைத்து இதைச் சொல்கிறேன். ஏனென்றால் அங்கே அந்த வீட்டார் அடங்கிப் போகவில்லை.

தெற்குத் தீவின் மேற்குக் கரையில் கிரேமவுத் என்றொரு சின்ன ஊர். அதற்கு வடகிழக்கே பாப்பரோவா மலைத்தொடர். மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் போகிற ஒற்றைச் சுரங்கப்பாதை, அதன் முடிவில் நிலக்கரி. 2010 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.44-க்கு அது வெடித்தது. உள்ளே 31 பேர் இருந்தார்கள். இரண்டு பேர் தட்டுத்தடுமாறி நடந்தே வெளியே வந்தார்கள். மற்ற 29 பேர் வரவில்லை. அவர்களில் இளையவனுக்கு வயது 17. சுரங்கத்துக்குள் அவனுக்கு அதுதான் முதல் ஷிஃப்ட்.

அதற்கு ஐந்து வாரம் முன்புதான் சிலியில் 33 சுரங்கத் தொழிலாளர்களை ஒவ்வொருவராக உயிரோடு மேலே தூக்கியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. அந்தக் காட்சி எல்லார் மனதிலும் பசுமையாக இருந்தது. அதனால் பைக் ரிவர் செய்தி வந்ததும் நம்பிக்கை தானாகவே பிறந்துவிட்டது. ஆனால் சிலியில் இருந்தது செம்பும் தங்கமும் எடுக்கிற சுரங்கம். பாறை சரிந்து வழி அடைபட்டிருந்தது, உள்ளே மூச்சுவிடக் காற்று இருந்தது. பைக் ரிவரில் இருந்தது மீத்தேன், நிலக்கரியிலிருந்து கசிகிற எரிவாயு. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்துவிட்டால் ஒரு சிறு பொறி போதும். முதல் வெடிப்புக்குப் பிறகும் எங்கோ நெருப்பு கனன்றுகொண்டிருந்தால் அடுத்த வெடிப்பு எந்த நிமிடமும் வரலாம்.

ஊர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ஏன் இன்னும் உள்ளே போகவில்லை? போலீஸ் மேல் கோபம், நிறுவனத்தின் மேல் கோபம். பழைய காலமாக இருந்தால் பக்கத்துச் சுரங்கத்து ஆட்களே உள்ளே ஓடியிருப்பார்கள் என்று பேச்சு. மீட்புக் குழுவினர் தயாராகத்தான் நின்றார்கள், உள்ளே இருந்தவர்களில் பலர் அவர்களுக்குத் தெரிந்தவர்கள். போகவிடாமல் தடுத்தது வாயு அளவு. ஐந்தாம் நாள், நவம்பர் 24, பிற்பகலில் இரண்டாவது வெடிப்பு. அன்று குடும்பங்களைக் கூட்டி வைத்துப் பேசிய நிறுவனத் தலைமை அதிகாரி, மீட்புக் குழு உள்ளே போவதற்கு ஏற்பாடு நடந்ததில் இருந்து பேச்சைத் தொடங்கினார். கூடத்தில் கைதட்டல் எழுந்தது. அதற்கப்புறம்தான் மறுபடி வெடித்துவிட்டது, யாரும் பிழைத்திருக்க முடியாது என்ற செய்தி வந்தது. இதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வயிறு பிசைகிறது. அன்று அவர்கள் உள்ளே போயிருந்தால் மீட்கப் போனவர்களையும் சேர்த்துப் பறிகொடுத்திருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக ஏன் போகவில்லை என்று கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. உள்ளே இருப்பது சொந்தப் பிள்ளை என்றால் யார்தான் வாயுக் கணக்குப் பார்ப்பார்கள்?

டிசம்பர் 2-ஆம் தேதி ஊருக்கு வெளியே குதிரைப் பந்தய மைதானத்தில் அஞ்சலி. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். நாடே இரண்டு நிமிடம் நின்றது.

அப்புறம் பேச்சு மெல்ல மாறியது. எந்தச் சுரங்க விபத்துக்குப் பிறகும் மாறுகிற அதே தடத்தில்தான். "அது அப்படிப்பட்ட தொழில்." "ஆபத்து தெரிந்துதானே போனார்கள்." "அந்தக் கரைக்கு இது புதிதா?" உண்மைதான், புதிதில்லை. அதே மேற்குக் கரையில் 1896-இல் பிரன்னர் சுரங்கத்தில் 65 பேர் இறந்தார்கள். 1967-இல் ஸ்ட்ராங்மன் சுரங்கத்தில் 19 பேர். ஆறுதல் சொல்வதுபோல இந்தப் பட்டியலை எடுத்து வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்கவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் இறந்தவர்களைக் காட்டி இன்று இறந்தவனின் தாயை வாய்மூடச் சொல்வது என்ன நியாயம்? 1896-லேயே மீத்தேன் வெடிக்கும் என்று தெரியும். அதற்குப் பிந்திய நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அதை அடக்கி வைக்கிற முறைகள் அனைத்தும் உலகுக்குத் தெரிந்துவிட்டன. இதில் இயற்கையின் சீற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

அரசு அமைத்த உயர்நிலை விசாரணைக் குழுவான ராயல் கமிஷனின் அறிக்கை 2012 நவம்பரில் வெளியானது. வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில், மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாகச் சுரங்கத்துக்குள்ளிருந்தே 21 முறை அறிக்கை எழுதப்பட்டிருந்தது. அதற்குக் குறைவான, ஆனால் ஆபத்தான அளவு என்று இன்னும் 27 முறை. வெடித்த அன்று காலை வரை அந்த அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன. எழுதியவர்கள் யார்? உள்ளே வேலை செய்தவர்கள்தான். அவர்கள் தங்கள் கையால் எழுதிக்கொடுத்த எச்சரிக்கை அது.

இன்னும் இருக்கிறது. சுரங்கத்தின் பிரதான காற்றோட்ட விசிறியை நிலத்துக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள். வாயு நிறைந்த நிலக்கரிச் சுரங்கத்தில் இப்படிச் செய்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. வெடித்ததும் அந்த விசிறி நின்றுபோனது. நஞ்சு வாயுவை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் அது இல்லை. இரண்டாவது வெளியேறும் வழி என்று கணக்கில் காட்டியது, நூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக ஏறுகிற காற்றுக்குழியில் மாட்டியிருந்த ஏணி. தீப்பிடித்தால் புகை வெளியேறப்போவதும் அதே குழி வழியாகத்தான். நாடு முழுவதற்கும் சுரங்க ஆய்வாளர்கள் இரண்டே பேர். தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் கண்காணிப்பாளர் முறை முன்பு இருந்தது. தொண்ணூறுகளில் சட்டம் மாறியபோது அது போய்விட்டது. நிறுவனம் பங்குச் சந்தையில் பணம் திரட்டியிருந்தது, சொன்ன தேதிக்கு நிலக்கரி வரவில்லை, கையில் காசு கரைந்துகொண்டிருந்தது. உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி நிலக்கரியை உடைக்கும் முறையை, காற்றோட்டம் சரியாக அமைவதற்குள் 2010 செப்டம்பரில் தொடங்கினார்கள். அதைச் சீக்கிரம் தொடங்க வைக்க ஊக்கத்தொகை வேறு.

தொழிலாளர்களே வாயு உணரும் கருவிகளைச் செயலிழக்கச் செய்தார்களே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், சிலர் செய்தார்கள். இயந்திரம் அடிக்கடி நின்றுபோகாமல் இருக்கத்தான் செய்தார்கள். அதுவும் அறிக்கையாக எழுதப்பட்டு மேலே போனது. மேலே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்காமல் செத்தவன் தலையில் பழியைப் போடுவது சுலபமாக இருக்கிறது.

அறிக்கை வந்த அன்றே தொழிலாளர் துறை அமைச்சர் கேட் வில்கின்சன் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். பிரதமர் ஜான் கீ மன்னிப்புக் கேட்டார். பணியிடப் பாதுகாப்புக்கென்று புதிய அமைப்பும், பிறகு 2015-இல் புதிய சட்டமும் வந்தன. நல்லது. ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டால்?

நிறுவனம் குற்றவாளி என்று 2013-இல் நீதிமன்றம் சொன்னது. 29 குடும்பங்களுக்கும் பிழைத்த இருவருக்கும் தலைக்கு 1,10,000 நியூசிலாந்து டாலர், ஆக 34.1 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. நிறுவனமோ திவாலாகிக் கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தலைமை அதிகாரி மீதிருந்த 12 குற்றச்சாட்டுகளையும் அரசுத் தரப்பு கைவிட்டது, அதே 34.1 லட்சம் டாலர் காப்பீட்டுப் பணத்திலிருந்து குடும்பங்களுக்குப் போகும் என்ற ஏற்பாட்டோடு. இங்கேதான் பொதுமக்களின் கரிசனத்துக்குச் சோதனை வந்தது. "பணம்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தப் பேரத்தை அந்தக் குடும்பங்கள் கேட்கவில்லை. கணவரை இழந்த ஆனா ஆஸ்போர்னும் மகனை இழந்த சோன்யா ராக்ஹவுஸும் நீதிமன்றம் போனார்கள். கீழே தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பணத்துக்குப் பதிலாக வழக்கைக் கைவிட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நான்கு வருடம் அந்த இரண்டு பெண்களைப் பிடிவாதக்காரர்கள் என்று பேசியவர்களில் எத்தனை பேர் அன்று வாய் திறந்தார்கள்?

சுரங்க வாசலைக் கான்கிரீட் போட்டு ஒரேயடியாக மூடிவிடத் திட்டம் வந்தபோது, 2016 நவம்பரில், அதே குடும்பங்கள் சாலையை மறித்து உட்கார்ந்தன. மூடும் வேலை நின்றது. ஆட்சி மாறியது. 2019 மே மாதம் மீட்புக் குழு சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. 2021 பிப்ரவரியில் பாறை சரிந்து கிடந்த இடம்வரை போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் போக அரசு பணம் தரவில்லை. அதே ஆண்டு துளையிட்டு இறக்கிய கேமராவில் மனித உடல்களின் எச்சங்கள் தெரிந்தன.

இந்த வேலைக்குச் சுமார் 5 கோடி நியூசிலாந்து டாலர் செலவு. "எலும்பை எடுக்க இத்தனை கோடியா" என்ற கேள்வியை நான் பலமுறை படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. எடுத்து அடக்கம் செய்ய உடல் வேண்டும் என்று ஒரு தாய் கேட்பதே போதுமான காரணம் என்பது என் எண்ணம். அதோடு, 29 பேர் இறந்த இடத்தை யாரும் போய்ப் பார்க்காமலே விசாரணைகள் நடந்திருக்கின்றன. ஒரு தெருவில் ஒருவர் கொல்லப்பட்டால் அந்த இடத்தை ஆராயச் செலவாகுமே என்று யாராவது தயங்குவார்களா? நிலத்துக்கு அடியில், வேலை நேரத்தில், கூலிக்காரனாக இறந்தால் மட்டும் ஏன் இந்தக் கணக்கு?

உலகில் எங்கே சுரங்கம் வெடித்தாலும் மக்கள் இரக்கப்படுகிறார்கள். அந்த இரக்கம் பொய்யில்லை. ஆனால் அழுகிற விதவையைப் பார்க்கும்போது இளகுகிற மனம், அவள் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படி ஏறினால் இறுகிப்போகிறது. பைக் ரிவர் குடும்பங்கள் பேரத்தை ஏற்றுக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால், அப்படி வழக்கை விலைபேசி முடிப்பது சட்டவிரோதம் என்ற தீர்ப்பு அந்த நாட்டில் வந்திருக்காது. இன்று அந்நாட்டில் வேறு ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்கிற, இவர்களின் பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கும் அது பயன்படும்.

இத்தனைக்குப் பிறகும் பைக் ரிவருக்காக ஒரு தனிமனிதர்கூடச் சிறைக்குப் போகவில்லை. அதனால்தான் அந்தக் குடும்பங்கள் இப்போது, நிர்வாகத்தின் அலட்சியத்தால் தொழிலாளி இறந்தால் நிறுவனத்தையே கொலைக்குற்றத்துக்கு ஆளாக்கும் சட்டம் வேண்டும் என்கின்றன. பிரிட்டன் 2007-இலேயே அப்படியொரு சட்டம் இயற்றிவிட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2017-இல் இயற்றியது. நியூசிலாந்தில் இன்னும் இல்லை. நாளைக்கே வந்தாலும் அது 2010-க்குப் பின்னோக்கிப் பொருந்தாது. அது தெரிந்துதான் கேட்கிறார்கள்.