மோட்டாரில் நட்டு கழன்றிருக்கிறது என்று புகார் போட்டவள் நான்தான்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசிக் கடைசி. மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ஒரு புகார் போட்டேன். "காலையிலிருந்து போர் மோட்டார் டொக் டொக்கென்று அடிக்கிறது, நட்டு ஏதோ கழன்றிருக்கிறது, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்." நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். வாட்ச்மேன் அண்ணன் மட்டும் படிக்கட்டில் என்னைப் பிடித்து, "மோட்டார் எங்கம்மா ஓடுது, காலையிலேர்ந்து கரண்ட்டே இல்லையே" என்றார்.

அப்படியும் நம்பாமல் கீழே போய் மோட்டார் ரூம் கதவில் காதை வைத்தேன். சத்தம் தலைக்கு மேலே, வேப்பமரத்தில். மரத்தில் ஒன்றையும் காணோம். இந்தப் பக்கம் கேட்கிறதே என்று திரும்பினால் அந்தப் பக்கம் கேட்கும். கழுத்து வலிக்க இருபது நிமிஷம் நின்றபிறகுதான் பட்டுப்போன கிளை ஒன்றின் நுனியில் கண்ணில் பட்டது: சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிசு, இலைப் பச்சை உடம்பு, குட்டைக் கழுத்து, நெற்றியிலும் மார்பிலும் குங்குமத்தைத் தேய்த்துவிட்ட மாதிரி சிவப்பு. செம்மார்புக் குக்குறுவான். அலகைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு டொக்குக்கும் தொண்டை உப்பி அடங்கியது, கூடவே தலையில் ஒரு ஆட்டம். தலை திரும்பிய பக்கமெல்லாம் சத்தமும் திரும்பியது, என்னை அலைய விட்டது அதுதான். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், நிமிடத்துக்கு 112. ஆங்கிலத்தில் இதற்குச் செம்புக்கொல்லன் என்றே பெயர், பட்டறையில் செம்புத் தகடு தட்டுவதுபோல இருக்கிறதாம். குளிர்காலத்தில் சத்தமே வராது. வெயில் ஏற ஆரம்பித்ததும் பட்டறையைத் திறந்துவிடும்.

புகாரை அன்றைக்கே அழித்துவிட்டேன், ஆனால் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஊரில் இருந்து இருந்து, காதில் விழுகிற எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு மெஷினைத்தான் காரணம் சொல்கிறோம். எனக்குத் தெரிந்த ஒருவர், மதியத்தில் யாரோ காலித் தண்ணீர் கேனில் வாய் வைத்து ஊதுகிறார்கள் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். செம்போத்து அது. ஊப், ஊப், ஊப் என்று அடிவயிற்றிலிருந்து வரும். ஆளைப் பார்த்தால் காக்காய்க்குப் பழுப்புச் சட்டை போட்ட மாதிரி இருக்கும், பறக்கச் சோம்பல், காம்பவுண்டு ஓரப் புதரில் நடந்தே போகும்.

குயிலைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. பாடுவது ஆண், கறுப்பு. ஆனால் "கிக் கிக் கிக்" என்று பதறியடித்துக் கத்திக்கொண்டு பறக்கிறதே புள்ளி போட்ட பழுப்புப் பறவை, அதுதான் பெண் குயில் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. பின்னாலேயே நாலு காக்காய் துரத்தினால் பக்கத்தில் காக்காய்க் கூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் அதிகம் குழம்பியது மீன்கொத்தியிலும் மரங்கொத்தியிலும். இரண்டும் கடகடவென்று சிரிக்கிற மாதிரியே கத்தும். வெண்மார்பு மீன்கொத்திக்குத் தண்ணீர் வேண்டும் என்று நினைக்காதீர்கள், ஓணானும் வெட்டுக்கிளியும் கிடைத்தால் போதும், குளமே இல்லாத தெருவிலும் குடித்தனம் நடத்தும். கோடையில் உயரமாக எதன் உச்சியிலாவது உட்கார்ந்து, மேலே தொடங்கிக் கீழே இறங்குகிற நீளச் சிரிப்பு வந்தால் பெரும்பாலும் அதுதான். பொன்முதுகு மரங்கொத்தி பறந்துகொண்டே கத்துகிற ரகம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

அப்புறம் கரிச்சான். ஒருநாள் வல்லூறு சத்தம் கேட்டு பால்கனிக்கு ஓடினேன். மைனாக்கள் சிதறிப் பறக்கின்றன, வல்லூறைக் காணோம். ஈபி கம்பியில் வால் பிளந்த கறுப்பு ஆசாமி ஒருவர் மட்டும் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். வல்லூறு மாதிரிக் குரல் கொடுத்து மைனாவை விரட்டிவிட்டு அது விட்டுப்போன இரையைத் தின்பதுண்டாம். அப்படியே ஏமாந்தேன், இன்னும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இப்போது செல்பேசியை நீட்டினால் பெயரைச் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் இலவசம், 2021இல் குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் வசதியும் அதில் சேர்ந்தது. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் என் கட்சி இதுதான்: முதலில் நீங்களே ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள், தப்பானாலும் சரி, அப்புறம் செயலியைத் திறங்கள். திரையில் பெயர் வந்து விழுந்ததும் காது வேலையை நிறுத்திவிடுகிறது, நாளைக்கு அதே குரல் கேட்டால் மறுபடி செல்பேசியைத்தான் தேடுவோம். குக்குறுவானை நான் மறக்காததற்குக் காரணம் அந்தக் கழுத்துவலி.

தயவுசெய்து பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். படத்துக்காக இப்படிச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூடு கட்டுகிற காலத்தில் ஆண் பறவைக்கு அது தன் இடத்துக்குள் வந்த எதிரி. இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

போன வருஷம் பட்டுப்போன அந்தக் கிளையை வெட்ட வேண்டும் என்று செக்ரட்டரி சார் மீட்டிங்கில் சொன்னார். எழுந்து நின்று, குக்குறுவான் பட்டுப்போன மரத்தில்தான் துளை போட்டு முட்டை வைக்கும், நீங்கள் வெட்டச் சொல்வது ஒரு வீட்டை என்றேன். "மேடம், என் கார் மேலே விழுந்தா உங்க குருவியா பணம் தரும்?" என்றார். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. கடைசியில் காருக்கு மேலே நீட்டியதை மட்டும் வெட்டினார்கள், ஓட்டை இருந்த அடிப்பாகம் பிழைத்தது.

இரண்டு மாசம் கழித்து, ராத்திரி பதினொன்றரைக்கு அதே செக்ரட்டரி சாரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "மேடம், தூங்கிட்டீங்களா? வேப்பமரத்துலேர்ந்து ஒரு சத்தம் வருது, விட்டு விட்டு, விசில் மாதிரி. புதுசா ஏதோ வந்திருக்கு, கேட்டுச் சொல்லுங்க." பின்னாலேயே பதினான்கு விநாடிப் பதிவு. காலி மனைப் பக்கமிருந்து ஆள்காட்டிக் குருவி ராத்திரியில் கத்துவதுண்டு, ஒருவேளை அதுவோ, புள்ளி ஆந்தையோ என்று ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று தடவை கேட்டேன். பிறகு பால்கனிக்குப் போய் நேரிலும் கேட்டேன்.

மூன்றாவது மாடிக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர்.