சைலன்ஸருக்கு முன்னர் டயரையும் பிரேக்கையும் பாருங்கள்

குறைந்த செலவில் ஒரு ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிளின் ஓட்டத்தையும் பிரேக்கையும் சீராக்க விரும்பும் தம்பிமாருக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: புதிய பாகம் எதையும் வாங்குவதற்கு முன்னர், அந்த வண்டி புதிதாக வந்தபோது அதில் இருந்த தரத்தை மீட்டெடுங்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கான வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கைமாறிய யமஹா ஆர்15, பல்சர், அப்பாச்சி போன்ற வண்டிகள் பல, ஏற்கெனவே இரண்டு மூன்று பேரிடம் ஓடியவை. எஞ்சின் ஒயிலை எல்லோரும் நேரத்துக்கு மாற்றுகிறார்கள். பிரேக் ஒயிலையும் முன் ஷொக் ஒயிலையும் வண்டி வந்த நாளிலிருந்து எவரும் தொட்டிருக்க மாட்டார்கள். அப்படியான வண்டியை வாங்கிய கையோடு சத்தமான சைலன்ஸருக்கும் அகலமான பின் டயருக்கும் பணம் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

எங்கள் பக்கத்து வீதிகள் நேரானவை, வளைவுகளே இல்லை, பிறகு இதற்கெல்லாம் எதற்குச் செலவு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேரான வீதியில்தான் வேகம் கூடுகிறது. வாழைச்சேனைப் பக்கம் இரவில் நடுவீதியில் படுத்திருக்கும் மாடும், அறுவடைக் காலத்தில் சம்மாந்துறைக்கும் அம்பாறைக்கும் இடையே வீதியோரம் காயப்போட்டிருக்கும் நெல்லும், கரையோரங்களில் காற்று அள்ளிவந்து தார்மேல் பரப்பும் மணலும் முன்னறிவிப்புத் தந்துவிட்டு வருவதில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடுகிறோம். காய்ந்த தாரில் முன், பின் பிரேக்குகள் இரண்டையும் முறையாகப் பிடித்தால் அதற்குப் பிறகு 20 மீற்றர் அளவில் நிற்கக்கூடிய வண்டி, பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் 35 மீற்றருக்கு மேல் போகும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எங்கள் வீதிகளில் வண்டியின் கையாளல் என்பது முழங்காலைத் தரையில் உரசுவதல்ல. பிரேக் பிடித்தபடியே ஒரு மாட்டைச் சுற்றி விலகி, ஹாண்டில் ஆடாமல் மீண்டும் நேராக வருவது.

முதற்செலவு டயராகத்தான் இருக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். பூவெட்டு நன்றாக இருக்கிறதே என்று பலர் ஏமாந்துபோவது இங்கேதான். எங்கள் வெயிலில் வருடக்கணக்காக நின்ற இறப்பரின் விளிம்பில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதியாமல் வழுக்கினால், வெட்டுகளின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால், அந்த டயர் மழைநாளில் உங்களைக் கைவிடும். மாரி தொடங்கும் முன்னர், அதாவது ஒக்டோபருக்குள், முன் டயரையாவது மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் பணம் போதாதென்றால் முன் டயருக்கே முதலிடம், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்னே சாய்கிறது.

அளவை மாற்றாதீர்கள். இந்தியாவில் 2008 இல் வந்த முதல் ஆர்15 இன் பின் டயர் 100/80-17; அங்கே 2018 இல் வந்த மூன்றாவது பதிப்பின் பின் டயர் 140/70-17. பின்னதன் தோற்றத்தில் ஆசைப்பட்டு முன்னதன் குறுகிய றிம்மில் அந்த அகல டயரை ஏற்றினால், றிம் அதன் இரு பக்கங்களையும் உள்ளே இழுத்து, டயரின் முதுகைக் கூராக்கிவிடும். நேரே போகும்போது தரையில் படும் பகுதி குறையும். வண்டியைச் சாய்க்கவும் கூடுதல் பலம் தேவைப்படும். பணம் கொடுத்து வண்டியைக் கெடுப்பது என்பது இதுதான். காற்றின் அளவு செயின் கவரிலோ பின் சில்லைப் பிடித்திருக்கும் ஆமிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். அதை டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடான பின்னர் எரிபொருள் நிலையத்தில் அளந்து, கூடிவிட்டது என்று காற்றை இறக்குவது தவறு.

அடுத்தது பிரேக். காத்தான்குடி தொடங்கி அக்கரைப்பற்று வரைக்கும் கடலை ஒட்டி வாழும் எங்களுக்கு உப்புக்காற்று ஒரு தனிப் பகை. அண்மையில் ஒரு தம்பியின் வண்டியில், பிரேக் பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகமான முன் கலிப்பரைக் கழற்றியபோது நான் அருகில் இருந்தேன். கலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்காக உள்ள, பின் எனப்படும் இரண்டு கம்பிகளில் ஒன்று கையால் இழுக்க வரவேயில்லை; தட்டி எடுத்தபோது அதன் மேல் வெள்ளைத் தூள் படிந்து, பழைய கிறீஸ் கறுத்த பிசினாக இறுகிப் போயிருந்தது. ஒரு பக்கப் பேட் டிஸ்க்கோடு தேய்ந்து தகடு தெரியும் நிலையில் இருந்தது, மறுபக்கப் பேட்டில் பாதிக்கு மேல் மீதமிருந்தது. அந்தத் தம்பி அதுவரை பெரிய டிஸ்க் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிறீஸைப் பூசி, பிஸ்டன்களைத் துடைத்துத் தள்ளி, புதிய பேட் போட்டவுடன் பிரேக் மறுபடியும் பிரேக்காக வேலை செய்தது. சாதாரண கிறீஸையோ பெட்ரோலையோ அங்கே பாவிக்க விடாதீர்கள், அவை உள்ளிருக்கும் இறப்பர் சீல்களை ஊதிப்போகச் செய்யும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 4 என்ற பிரேக் ஒயில் தரத்தின்படி புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அதற்கான வரம்பு 155 பாகைதான். இது வெறும் கணக்கு என்று நினைப்பவர்கள், செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை, பசறை மலைகளுக்கு ஏறி, அதே வழியால் பின்னுக்கு ஆளை ஏற்றிக்கொண்டு இறங்கிப் பார்க்க வேண்டும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து ஒயில் சூடேறி, அதிலுள்ள நீர் ஆவியானால், பிரேக் லீவர் ஹாண்டில் வரைக்கும் வந்துவிடும். ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது, காரணம் அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுவதுமாக மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு எஞ்சின் ஒயில் மாற்றும் செலவைவிடப் பெரியதாக இருக்காது. திறந்து பல மாதம் கடையில் கிடந்த போத்தலிலிருந்து ஊற்ற வேண்டாம், சிறிய போத்தலாக வாங்கி உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். இத்தனையும் செய்த பிறகும் கையில் பணம் மிஞ்சினால், கம்பி பின்னிய பிரேக் குழாய் பயனுள்ள செலவுதான். பழைய இறப்பர் குழாய் அழுத்தத்தில் விரிவதால் லீவரில் தெரியும் மெத்தைத் தன்மை அதனால் குறையும்.

முன் ஷொக்கைப் பற்றிக் கவலைப்படுபவர் மிகக் குறைவு. ஆனால் முன் டயரைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பது அதுதான். ஒயில் பழுதடைந்த ஷொக், பிரேக் பிடித்தவுடன் அடிவரை இறங்கிவிடும். அடியில் முட்டிய பிறகு பள்ளமொன்று வந்தால் டயர் தரையை விட்டுத் துள்ளும். அந்தக் கணத்தில் எவ்வளவு விலையுயர்ந்த டிஸ்க்கும் உதவாது. கம்பனி சொன்ன தடிப்புள்ள ஒயிலை, இரண்டு காலுக்கும் ஒரே அளவாக, அளவுக் கிண்ணத்தில் அளந்து ஊற்ற வேண்டும். கண்மட்டத்துக்கு ஊற்றும் பழக்கத்தை ஏற்காதீர்கள். கசியும் சீலையும் அதே வேளையில் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அந்த ஒயில் வடிந்து டிஸ்க்கில் பட்டால் பிரேக்கும் போய்விடும். பின்னர் ஷொக் காலில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு, வண்டியில் ஏறி அமர்ந்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மொத்த அசைவில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்குவது நல்லது. அதற்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங்கின் மேல் சிறிய குழாய்த் துண்டொன்றை வைத்து உயர்த்தலாம். அது ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, நிற்கும் உயரத்தைத்தான் திருத்தும். இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் கையில் உங்கள் முன் ஷொக்கைக் கொடுக்காதீர்கள்.

ஷொக் கழற்றியிருக்கும் அதே நேரத்தில் ஹாண்டில் பெயாரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். முன் சில்லை உயர்த்தி ஹாண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தடுத்தால் அது தேய்ந்துவிட்டது.

வேறொரு பெரிய வண்டியின் தலைகீழ் ஷொக்கை, அதாவது தடித்த குழாய் மேலே இருக்கும் வகையை, வாங்கிப் பொருத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஹாண்டிலின் சாய்வும் சில்லின் இடமும் சில மில்லிமீற்றர் மாறினாலே வண்டியின் குணம் மாறிவிடும். இங்குள்ள லேத் பட்டறைகளில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதை ஓட்டிச் சோதிப்பது நீங்கள், அதுவும் பிரதான வீதியில். முன் மட்காட்டைக் கழற்றுவதும் அப்படித்தான். பல வண்டிகளில் அதுதான் இரண்டு ஷொக் கால்களையும் முறுகாமல் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

இவை முடிந்த பிறகு, ஆளில்லாத அகலமான இடமொன்றில், மணிக்கு 30 கிலோமீற்றரில் தொடங்கி, முன் லீவரை ஒரேயடியாகப் பறிக்காமல் முதலில் மெல்லத் தொட்டு, பாரம் முன்னே வந்து அமர்ந்ததும் அழுத்தத்தைக் கூட்டிப் பழகுங்கள். புதிய பேட் டிஸ்க்கோடு பதிவதற்கும் இந்தப் பழக்கம் உதவும்.

கல்முனை, அக்கரைப்பற்று, ஏறாவூர்ப் பக்கங்களில் ஷொக் ஒயிலை அளந்து ஊற்றி, கலிப்பரை முழுமையாகக் கழற்றிச் சுத்தம் செய்து தரும் பாஸ்மார் (மெக்கானிக்மார்) யாரையாவது நீங்கள் அறிந்திருந்தால், அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். வண்டி வாங்கியிருக்கும் பல தம்பிமார் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.