கன்ஃபார்மா?

நேற்று இரண்டே வரிதான் எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் பெண்களுக்கு நடத்தும் அந்தக் கண்ணாடிப் பயிற்சிக்கு இனி என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று. உள்பெட்டியில் அறிவுரை, கமெண்டில் கிண்டல். ஆறு வருடம் என் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவர், "நீ எப்பவுமே கொஞ்சம் ஓவர் சென்சிட்டிவ்" என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருக்கிறார். சரி, நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த அறையில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். பெண்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரம். "உங்கள் எதிரி உங்களுக்குள்ளேதான் இருக்கிறாள்" என்று ஆரம்பித்து, ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்து, "நான் இதற்குத் தகுதியானவள்" என்று பத்து முறை சொல்ல வைத்தார்கள். நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நான் நான்கு மாதம் உட்கார்ந்து எழுதிய டேட்டா மைக்ரேஷன் திட்டத்தைக் கீழ்த்தளத்தில் வேறொருவர் தன் பெயர் போட்ட ஸ்லைடில் விளக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி எனக்கு, ப்ரொஜெக்டர் அவருக்கு.

நான் கேட்பது ஒன்றுதான். என்மேல் எனக்கே இருக்கும் சந்தேகத்தை நான் பிறக்கும்போதே கொண்டுவரவில்லை. அதைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் இரண்டு மணி நேரப் பயிற்சி எதுவும் இல்லை?

பயிற்சியாளர் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்பதை, அதாவது சாதித்த பிறகும் 'எனக்குத் தகுதியில்லை' என்று உள்ளே அரிக்கும் சந்தேகத்தை, ரத்தப் பரிசோதனையில் தெரியும் நோய் மாதிரிப் பேசினார். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேட்டில் அப்படி ஒரு நோயே கிடையாது. 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை முதலில் எழுதியபோது 'சிண்ட்ரோம்' என்று சொல்லவும் இல்லை, 'ஃபினாமினன்', அதாவது பலரிடம் காணப்படும் ஒரு நிலை என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பார்த்த 150-க்கும் மேற்பட்ட பெண்கள் படிப்பிலும் வேலையிலும் சாதித்தவர்கள். ஆனாலும் 'எப்படியோ ஏமாற்றி உள்ளே வந்துவிட்டோம், ஒருநாள் மாட்டிக்கொள்வோம்' என்று உள்ளூரப் பயந்தவர்கள். வளர்ந்த குடும்பத்தையும், பெண் என்றால் இப்படித்தான் என்று சமூகம் ஊட்டிவிடுவதையும் அந்தக் கட்டுரையே காரணமாகக் காட்டியது. அவர்கள் சிபாரிசு செய்த வழி, இப்படிப்பட்ட பெண்கள் குழுவாக உட்கார்ந்து பேசுவது. இன்னொருத்தி தன் உழைப்பை 'ஏதோ அதிர்ஷ்டம்' என்று தள்ளிவிடும்போதுதான் அது எவ்வளவு அபத்தம் என்று நமக்கு உறைக்கும். கைக்கண்ணாடி எங்கிருந்து வந்ததோ தெரியாது.

அன்று இன்னொரு பயிற்சியும் இருந்தது. "உங்களுக்குள் பேசும் அந்தக் குரலுக்கு ஒரு பெயர் வையுங்கள்." எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏதேதோ எழுதினார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. என் குரலுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பதவியும் இருக்கிறது. என் முதல் டீம் லீடர் அவர். நான் எதைச் சொன்னாலும், "கன்ஃபார்மா?" என்பார். ஒரு எண்ணைச் சொன்னால் கன்ஃபார்மா. சர்வர் தாங்கும் என்றால் கன்ஃபார்மா. திட்டியதே இல்லை, தன்மையாகத்தான் கேட்பார். பக்கத்து மேசைப் பையன் அதே பதிலைச் சொன்னால் "சூப்பர்டா" என்று போய்விடுவார். ஒருமுறை வாடிக்கையாளர் அழைப்பில் கேள்வி வந்தது, நான் வாயைத் திறப்பதற்குள், "ஒரு நிமிஷம், டெக்னிக்கல் ஆளைக் கூப்பிடுகிறேன்" என்றார். அந்த டெக்னிக்கல் ஆள் நான்தான். மூன்று வருடம் அப்படி. அதன்பின் அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன், குரல் மட்டும் கூடவே வந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு மின்னஞ்சலை அனுப்புமுன் மூன்று முறை படிக்கிறேன். இதை என் 'உள்ளிருக்கும் எதிரி' என்றால் எப்படி?

"ஆண்களுக்கும் இது இருக்கிறதே" என்று நாலு பேர் எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. 2020-ல் இம்போஸ்டர் சிண்ட்ரோம் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆண் பெண் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஏறக்குறைய பாதியில் வித்தியாசமே தெரியவில்லை. ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கண்ணாடி ஏன் எங்கள் கையில் மட்டும்?

"எல்லாவற்றுக்கும் ஆம்பளைகளைக் குறை சொல்லாதே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. சொன்னால் கன்ஃபார்மா என்பீர்கள்.

ஓவர் சென்சிட்டிவ் என்று சொன்ன நண்பருக்கு மட்டும் ஒன்று. 2014-ல் கீரன் ஸ்னைடர் என்பவர் டெக் நிறுவனங்களில் வேலை செய்பவர்களிடமிருந்து 248 வேலை மதிப்பீடுகளைச் சேகரித்துப் படித்தார். குறை சொல்லும் மதிப்பீடுகளில், ஆண்களுக்கு வந்தவை 83. அவற்றில் குணத்தைக் குத்திக்காட்டியவை 2. பெண்களுக்கு வந்தவை 94. அவற்றில் 71. ஆணிடம் 'இந்த வேலையை இப்படிச் செய்' என்கிறார்கள், பெண்ணிடம் 'நீ இப்படிப்பட்ட ஆள்' என்கிறார்கள். நீங்கள் என் பதிவில் எது தப்பு என்று சொல்லவில்லையே, நான் எப்படிப்பட்டவள் என்றுதானே சொன்னீர்கள்? உங்கள் பிரசன்டேஷனுக்கு முந்தின இரவெல்லாம் உட்கார்ந்து உங்கள் ஸ்லைடைத் திருத்தித் தந்தது இந்த ஓவர் சென்சிட்டிவ்தான். சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்தேன். போகட்டும்.

"அப்போ நீ மாறவே மாட்டியா?" என்று உள்பெட்டியில் கேட்ட தங்கைக்கு: மாறிக்கொண்டுதான் இருக்கிறேன், கண்ணாடியால் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் முடித்த வேலையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுகிறேன். குரல் கேட்கும்போது அதோடு வாதாடுவதில்லை, நோட்டைத் திறந்து பார்க்கிறேன். 'இன்னும் தன்னம்பிக்கை தேவை' என்று மதிப்பீட்டில் வந்தால், எந்தக் கூட்டத்தில், எந்த வேலையில் என்று எழுத்தில் கேட்கிறேன். ஒருமுறை பதிலே வரவில்லை, மறு வருடம் அந்த வரியும் வரவில்லை. என் வேலையை இன்னொருவர் காட்டினால் அன்றைக்கே கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும், 'இதை எழுதியது நான், கேள்வி இருந்தால் என்னிடம் கேட்கலாம்' என்று இரண்டு வரி அனுப்புகிறேன். அதை அனுப்பும்போதும் கை நடுங்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது அந்தப் பயிற்சி மட்டுமில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு எண்ணைச் சொன்னாள். நான் திரும்பக்கூட இல்லை, "கன்ஃபார்மா?" என்றேன். அவளுக்கு முன்னால் ஒரு பையன் வேறொரு எண்ணைச் சொல்லியிருந்தான், அவனிடம் நான் அப்படிக் கேட்கவில்லை. அவள் முகம் மாறியது. திரும்பத் தன் இடத்துக்குப் போய், பத்து நிமிடம் கழித்து வந்து, "மூணு தடவை பார்த்துட்டேன் மேம்" என்றாள். எண் முதலில் சொன்னதேதான்.