ரயில் கார்ட் வேலை: பணம் கட்டினால் நியமனம் கிடைக்காது

“அட்டன், நானுஓயாவில் ரயில் கார்ட் வேலை, பரீட்சை கிடையாது, முன்பணமும் அடையாள அட்டைப் பிரதியும் அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய்.

கார்ட் (guard) பதவி இலங்கைப் புகையிரதத் திணைக்களத்துக்குரியது. வெளியிலிருந்து ஆள் சேர்ப்பதென்றால் அரச வர்த்தமானியில் தமிழிலும் அறிவித்தல் வரும். தகுதி, வயதெல்லை, பரீட்சை விபரம் அதிலேயே இருக்கும். அரச அச்சகத் திணைக்கள இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சந்தேகமென்றால் அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

அப்புறம், கார்ட் வேலை வெறும் டிக்கெட் பார்ப்பதல்ல. சாரதிக்குப் பச்சைக்கொடி காட்டுவதும், நடுவழியில் ரயில் நின்றால் பாதுகாப்பைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. பயிற்சியில்லாத ஒருவரிடம் பதுளைப் பாதை ரயிலை ஒப்படைப்பார்களா?

தோட்டத்துப் பிள்ளைகளின் ஆசையை வைத்துப் பணம் பறிப்பதைப் பார்க்க வயிறெரிகிறது. தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அது வந்த குரூப்பிலேயே இந்த விளக்கத்தைப் போடுங்கள்.