பட்டாவில் பாம்பு சேராது

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொல்லை வாங்கிய நண்பர் ஒருவர் கேட்டார்: "பத்திரம் என் பேர்ல, பட்டா என் பேர்ல, வரி கட்றதும் நான். உள்ள ஓடுற உடும்பு மட்டும் எப்படிங்க கவர்மெண்டோடது?"

நியாயமான கேள்விதான். பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று புதையலில் தொடங்கி கல் வரைக்கும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். சோழர் காலக் கொடைச் சாசனங்களில் 'உடும்போடி ஆமை தவழ்ந்த' நிலம் என்றே வரும். ஆனால் அங்கேயும் கொடுத்தது உடும்பு ஓடிய இடத்தைத்தான், உடும்பை இல்லை.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு கொஞ்சம் வேடிக்கையானது. நம் கொல்லையில் சும்மா ஓடும் பாம்புக்கு அது உரிமையாளர் என்று யாரையும் சொல்லவில்லை. அதை நாம் பிடித்தாலோ, அடைத்து வளர்த்தாலோ, அது செத்துக் கிடந்தாலோதான் அரசின் சொத்து ஆகிறது. கையில் வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். சோரியாங்குப்பம் கரையில் பிடிபட்டால் புதுச்சேரி அரசுக்கு, அதே பாம்பு தென்பெண்ணையை நீந்தி இந்தக் கடலூர்ப் பக்கம் வந்து பிடிபட்டால் தமிழ்நாடு அரசுக்கு. பாம்புக்கு இது தெரியாது, பாவம்.

இந்த ஏற்பாடு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். 'என் நிலம், என் இஷ்டம்' என்று விட்டால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு பாம்புத் தோல் பெரிய வியாபாரம். நல்ல பாம்பும் சாரையும் மூட்டை மூட்டையாகத் தோல் பதனிடும் இடங்களுக்குப் போயின. இன்றைக்கும் மண்ணுளிப் பாம்பு லட்சக்கணக்கில் விலை போகும் என்று எவனோ கிளப்பிவிட்டதை நம்பி, இரவில் டார்ச் லைட்டோடு மணல் கொல்லைகளைக் கிளறும் கூட்டம் இருக்கிறது. அந்தப் பாம்பு செய்த ஒரே குற்றம், வாலும் தலை மாதிரி இருப்பது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பதும் வேட்டை, பொறி வைப்பதும் வேட்டை, ஊர்வனவற்றின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டை. சரி, கடுமையாக இருக்கட்டும். ஆனால் 11-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அது குற்றம் ஆகாது. உயிர் பிழைக்க அடித்தவனை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, அதுவும் நியாயம்தான். இப்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். வீட்டுத் தாழ்வாரத்தில் வந்த கண்ணாடி விரியனைத் தடியால் அடித்துக் கொன்றவனுக்குச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதே விரியனைப் பக்குவமாகப் பிடித்துச் சாக்கில் போட்டு, ஓடைப் பக்கம் கொண்டுபோய் விட்டவனுக்கு அந்த வாசல் இல்லை. அனுமதி இல்லாமல் பிடித்தான், அவ்வளவுதான். உடும்பு, மலைப்பாம்பு மாதிரி, சட்டம் அதிகப் பாதுகாப்பு கொடுக்கும் முதல் அட்டவணை உயிரினமாக இருந்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு என்று தண்டனை எழுதியிருக்கிறது.

நடைமுறையில் யாரும் அப்படி வழக்குப் போடுவதில்லை என்பீர்கள். போடுவதில்லைதான். ஆனால் போடலாம் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எங்கள் பக்கம் பாம்பைக் கண்டால் யாரும் போன் எடுப்பதில்லை. அடித்து, எரித்து, பேச்சை முடித்துவிடுகிறார்கள். போன் போட்டால் பெயர், ஊர், ஏன் எப்படி என்று நூறு கேள்வி வருமே என்ற பயம். ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு நான் போன் செய்தபோது, "உங்க இடத்துக்கு அது எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டார்கள். பாம்பிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடம் ஓரத்து ஊர்க்காரர்களைக் கேட்டால் கதை இன்னும் பெரிது. வெள்ளம் வந்தால் முதலை வாய்க்கால் வழியாக ஊர்க் குளத்துக்கே வந்துவிடும். துணி துவைக்கப் போனவர்களையும் மாடு குளிப்பாட்டப் போனவர்களையும் கடித்திருக்கிறது, உயிரே போயிருக்கிறது. பிடிபடும் முதலைகளைக் கட்டித் தூக்கிப்போய் வக்காரமாரி ஏரியில் விடுவார்கள். குத்தகைக்குக் குளம் எடுத்து மீன் விட்டவர் நிலைமை என்ன? முதல் அட்டவணை உயிரினத்தை அப்புறப்படுத்த உத்தரவு கிடைக்க அது மனித உயிருக்கு ஆபத்தாகவோ, மீள முடியாத அளவு நோய்ப்பட்டோ இருக்க வேண்டும். சொத்துக்குச் சேதம் என்பது அங்கே காரணமாகச் சேராது. பிடித்த பிறகு முதலை அரசின் சொத்து. அதுவரை அது தின்ற கெண்டையும் விராலும் யார் கணக்கு?

அப்படியானால் அனுமதி முறையே வேண்டாம் என்பதா? இல்லை. அனுமதி எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. தோல் வியாபாரம் நின்று பிழைப்பு போன இருளர்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். வடநெம்மேலியில் இன்றும் நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் அனுமதி வாங்கிப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப வெளியில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. அவர்கள் பாம்பு தேடுவது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வரப்பிலும் தோப்பிலும்தான். நிலக்காரர் வாய் வார்த்தையாகச் சரி என்கிறார், அரசு காகிதத்தில் சரி என்கிறது, காரியம் நடக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தோம். கடலூர் மாவட்டத்திலும் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் பக்கத்துக் கொல்லையில் ஒரு சாரையைப் பிடித்து அப்புறப்படுத்த மட்டும் ஒரு காகிதம் கிடையாது.

கேரளாவில் 2020-க்குப் பிறகு வனத்துறையே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்திருக்கிறது. சர்ப்பா என்று ஒரு செயலி. பக்கத்தில் யார் இருக்கிறார் என்று அதில் பார்த்துக் கூப்பிடலாம். வீடியோவுக்காகப் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் வீரர்களையும் முறையாகப் பிடிப்பவர்களையும் பிரிக்க அந்தச் சான்றிதழ் ஒன்றே போதும். நம்மூரில் தீயணைப்புத் துறைக்காரர்கள்தான் ஓடி வருகிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் வண்டி டவுனிலிருந்து கொல்லைக்கு வருவதற்குள் பாம்பு போய்விடும், இல்லையென்றால் யாராவது அடித்துவிடுவார்கள்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஊராட்சிக்கு இரண்டு பேர், முடிந்தால் ஒருவர் இருளர். வனத்துறைப் பயிற்சி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி, ஒரு தடவை வந்து போவதற்கு ஊராட்சிப் பணத்தில் கூலி. கூப்பிட்ட நிலக்காரர்மீது விசாரணை கிடையாது என்று ஒரு வரி. குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நண்பர்கள் கேட்டால் மனுவின் நகலை அனுப்புகிறேன். ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டு உங்கள் சபையிலும் கொடுங்கள்.