யார் தப்பு என்று தேடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்

பதின்ம வயதுப் பெண் மனதளவில் உடைந்துபோனால் பெரும்பாலான வீடுகளில் முதலில் தொடங்குவது விசாரணைதான். போன்தான் காரணமா, அந்தத் தோழியா, அம்மா வேலைக்குப் போனதா, அப்பா கொடுத்த செல்லமா என்று ஆரம்பித்து, சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மாதக்கணக்கில் இது ஓடும். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து "உனக்கு என்னம்மா பண்ணுது" என்று கேட்க மட்டும் ஆள் இருக்காது.

நானும் அப்படி ஒரு மகளின் அம்மா. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுடைய கதை அவளுடையது, அதை இங்கே சொல்லப்போவதில்லை. பெற்றோர் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பருவமடைந்த பிறகு மனச்சோர்வு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதில் பெற்றோர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு மூலையில் இருப்பாள் என்று நினைக்கிறோம், ஆனால் இந்த வயதில் அது எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிவரும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள், நாம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வோம். திமிருக்கும் நோய்க்கும் வித்தியாசம் ஒரு நாள் சண்டையில் தெரியாது. தூக்கம், சாப்பாடு, படிப்பு, அவளுக்குப் பிடித்த விஷயங்கள், தோழிகள், இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாரக்கணக்கில் கழன்றுகொண்டே போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, வாயில் வரவே வராத கேள்வி. "சாகணும்னு தோணுதா?" கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, பல பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருக்கிறது. நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "எங்களை நினைச்சுப் பாத்தியா" என்று ஆரம்பிக்காதீர்கள். சொன்னதற்கு நன்றி சொல்லி, தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும், ஆபத்தான எதையும், பூட்டி வையுங்கள். அந்தத் தீவிரமான உந்துதல் பெரும்பாலும் ஏறி இறங்கக்கூடியது, அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் அப்படித்தான். கவனம் ஈர்க்கச் செய்கிறாள் என்று சொல்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. தாங்க முடியாத உணர்விலிருந்து ஒரு நிமிட விடுதலைக்காகவே பல பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள், பெரும்பாலும் மறைத்துத்தான் செய்கிறார்கள். செய்கிற எல்லோரும் சாக நினைப்பவர்கள் இல்லை, ஆனாலும் பின்னாளில் தற்கொலை ஆபத்து அவர்களுக்கு அதிகம், அதனால் லேசாக விடவும் கூடாது.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. இளம் வயதினருக்கு மனச்சோர்வு மருந்து கொடுக்கும்போது, தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று ஆரம்ப வாரங்களில் கூர்ந்து கவனிக்கச் சொல்லி 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை கொடுத்தது. மருந்தே வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கொஞ்சம் தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற உளவியல் சிகிச்சை முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, அதன் பதின்ம வயதினருக்கான வடிவத்தில் பெற்றோரும் சேர்ந்து பயிற்சி எடுக்கிறார்கள் என்பதுதான். கொந்தளிப்பை எப்படிக் கடப்பது என்று அவள் கற்பதையே நாமும் கற்கிறோம். "உன் வலி நிஜம், நான் நம்பறேன்" என்பதையும் "தம்பியை அடிக்கறதை நான் விடமாட்டேன்" என்பதையும் ஒரே குரலில் சொல்லப் பழகுவது சுலபமே இல்லை. ஒருவர் முழுக்கக் கண்டிப்பு, இன்னொருவர் முழுக்க இளக்கம் என்று பிரிந்த வீடுகளில்தான் சண்டை முடிவதே இல்லை, அவள் நோய் ஒரு பக்கம் கிடக்க, கணவனும் மனைவியும் மறுபடி விசாரணைக்குப் போய்விடுகிறார்கள். சண்டை வேண்டுமானால் அவள் காதில் விழாத இடத்தில் போட்டுவிட்டு, வெளியே ஒரே பதிலோடு வாருங்கள்.

இரவு முழுக்க இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டியதில்லை, முறை வைத்துத் தூங்குங்கள். உங்களுக்கும் ஆலோசனை தேவைப்பட்டால் போய்வாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடமாவது நடப்பதைச் சொல்லி வையுங்கள், முழுக்க மூடி வைத்தால் அவசரத்துக்குக் கூப்பிட ஆள் இருக்காது.

இப்படி ஒரு குடும்பத்தை உங்களுக்குத் தெரியும் என்றால், என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் யாருமே கண்டுகொள்ளாத இன்னொரு பிள்ளை இருக்கும். ஒரு மத்தியானம் அதை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், அந்த நேரத்தில் பெற்றவர்கள் தூங்கட்டும்.